விட்டுப்போன ஊர்

ஜூன் 3

முனைத்துறை வந்து சேர்ந்தாயிற்று. புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில் எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். கீழே ஓர் ஊரே படுத்துக்கொள்ளக்கூடிய பெரிய கூடம், மேலே நான் ஒருத்தி. ஜன்னலைத் திறந்தால் மணக்கழி என்கிற உப்பங்கழி தெரிகிறது. சாத்தினாலும் சேற்று வாடை உள்ளே வந்துவிடுகிறது. ரவியிடம் போனில் புலம்பினேன். "ரெண்டு நாள்ல பழகிடும் மங்கை" என்றார். திருச்சியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கழியைச் சுற்றி அலையாத்திக் காடு இருந்ததாம். இப்போது வெள்ளை வெளேரென்று உப்புப் பொட்டல். கரையில் இருக்கும் ஆறு ஊர்களும் வனத்துறையும் எங்கள் தொண்டு நிறுவனமும் சேர்ந்து கூட்டுக் குழு ஒன்று அமைத்து, பொட்டலை மறுபடி காடாக்கப் போகிறோம். ஒருங்கிணைப்பாளர் நான்.

ஆறு ஊருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் ஒருங்கிணைப்பாளர் எந்த ஊரையும் சேராதவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். நேர்காணலில் சொந்த ஊர் எது என்று கேட்டபோது, விடுதியில் வளர்ந்தவள், அப்படி ஒன்று எனக்குக் கிடையாது என்றேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது ரவியின் அத்தை இதே கேள்வியைக் கேட்டு, பதில் கிடைக்காமல் உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கல் இன்னும் எனக்கு வலிக்கிறது. முதல் தடவையாக அதே பதிலுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

திருச்சியில் வீடு பூச்சு வேலைக்கு வந்துவிட்டது. ஆவணியில் பால் காய்ச்சுகிறோம், செப்டம்பர் நான்கு. அதற்குப் பிறகு எவர் கேட்டாலும் சொல்ல எனக்கென்று ஓர் இடம் இருக்கும். அந்த ஒரு தேதிக்கு மட்டும் எது வந்தாலும் நான் இங்கே இருக்க மாட்டேன்.

ஜூன் 9

கூட்டம். கரும்பலகையில் மீன் முள் வரைந்து விளக்கினேன். நடுமுள்போல் ஒரு பெரிய வாய்க்கால். பக்கத்துக்கு மூன்றாகக் கிளை வாய்க்கால்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்க வழி கிடைத்தால் உப்பு தேங்காது, உப்பு தேங்காவிட்டால் கன்று பிழைக்கும். ஊருக்கு ஒரு கிளை. வெட்டுவது, நடுவது, ஆடுமாடு புகாமல் காப்பது எல்லாம் அந்தந்த ஊர் பொறுப்பு.

உப்புக்குடியின் பிரதிநிதி செவந்தி எழுந்து, "எங்க கெள வாய்க்கா கடலுக்குக் கிட்ட வேணும்" என்றாள். உடனே மற்ற ஐந்து ஊருக்கும் கடலுக்குக் கிட்ட வேண்டும் என்றாகிவிட்டது. சீட்டுக் குலுக்கி முடித்தேன். செவந்திக்கு என் வயதுதான் இருக்கும். மையத்து வாசலில் டீக்கடை போட்டிருக்கிறாள். கூட்டத்தில் சண்டை போட்டவள், முடிந்ததும் எனக்கு மட்டும் இஞ்சி தட்டிப்போட்டு டீ தந்தாள்.

ஜூன் 16

வேலை தொடங்கியது. இங்கே கூட்டு வேலை என்றால் முதலில் 'ஊர் கூப்பிட' வேண்டும். முனைத்துறை வைரக்கண்ணுதான் கூப்பிடுகிறவர். பேசும்போது வாயில் வெற்றிலை அடக்கியதுபோல் முணுமுணுப்பார். வரப்பில் ஏறி நின்று கூப்பிட்டாரானால் கழியின் அடுத்த கரையில் மேயும் மாடு தலையைத் தூக்குகிறது. ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்வார். அந்த ஊர்க்காரர்கள் "இருக்கோம்" என்பார்கள். பேர் சொன்ன ஊர் பதில் சொல்லாமல் ஒருவரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது, வீட்டுக்கும் போகக் கூடாது.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சேற்றில் இறங்கிய பிறகு யாரும் யாரையும் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ ஆலங்கொல்லை, சட்டிய இப்புடி தள்ளு" என்கிறார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கூட்டு வேலையில் ஊர்தான் வேலை செய்கிறது, ஆள் இல்லை என்பது அவர்கள் எண்ணம். எனக்குப் பிடித்திருந்தது. என்னை மட்டும் மேடம் என்கிறார்கள்.

ஆறு ஊரும் பதில் சொல்லி முடிந்ததும் நான் கைஒலிபெருக்கியை எடுத்து, எந்தக் கூட்டத்திலும் கேட்பதைக் கேட்டேன். "வேற ஊர் எதுவும் விட்டுப்போச்சா? இருந்தா சொல்லிடுங்க."

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வைரக்கண்ணு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். காற்று நின்றிருந்தது. பொட்டலின் கடைக்கோடியிலிருந்து, நான் கேட்டதற்குக் கொஞ்சம் பிந்தி, பல பேர் ஒன்றாகத் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. என் குரலின் எதிரொலி என்று எடுத்துக்கொண்டேன். மலையோ சுவரோ இல்லாத இடத்தில் எதிரொலி எப்படி வரும் என்று அப்புறம்தான் தோன்றியது. ரொம்ப யோசிக்கவில்லை. வெயில் அப்படி.

ஜூன் 17

"அப்புடியெல்லாம் கேக்கக் கூடாதுங்க மேடம்" என்றாள் செவந்தி. ஏன் என்றேன். பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை, நான் பார்த்தேன்.

ஜூலை 2

இன்று காலை வத்தத்தில், அதாவது கழி வற்றிய நேரத்தில், கிளைகளை அளக்கப் போனேன். ஏழு கிளைகள் இருக்கின்றன.

ஏழாவது, நடுவாய்க்காலின் கடைசி முனையிலிருந்து நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. மற்ற ஆறும் இன்னும் பாதிகூட முடியவில்லை. இது முழுதாக வெட்டி முடிந்திருக்கிறது. கரைகள் சீவிவிட்டதுபோல் இருக்கின்றன. வெட்டிய மண் எங்கே என்று தேடினேன். பக்கத்தில் எங்கும் மண் குவியல் இல்லை. சேற்றில் கால்தடங்கள் இருந்தன. எல்லாம் கடல் பக்கத்திலிருந்து வந்தவை. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

யாரோ குறும்பு செய்திருக்கிறார்கள். உப்புக்குடிக்காரர்கள் கடலுக்குக் கிட்ட கிளை கேட்டவர்கள்தானே.

ஜூலை 5

செவந்தியிடம் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாளாக டீ இல்லை. மற்ற ஊர்க்காரர்களும் நாங்கள் இல்லை என்று சாதிக்கிறார்கள். இயந்திரம் அந்தச் சேற்றில் இறங்காது. வனக்காவலர் வந்து பார்த்துவிட்டு, நல்ல வாய்க்கால், தண்ணி அருமையா ஓடுது, இருந்துட்டுப் போகட்டுமே என்றார்.

"இருக்க விடக் கூடாது, மூடிடுவோம்" என்றார் வைரக்கண்ணு. மூடுவதற்கு ஆள் கேட்டால் அவரே வரவில்லை.

ஜூலை 9

வெளியூரிலிருந்து கூலிக்கு இரண்டு பேரைக் கூட்டிவந்து ஏழாவது கிளையின் வாயை மண் போட்டு அடைத்தேன். மதியம் ஏத்தம், அதாவது கடல் தண்ணீர் ஏறும் நேரம், வந்து போயிற்று. வாய் திறந்து கிடந்தது. அடைத்த மண்ணைக் காணோம். அந்த இருவரும் சாப்பிடப் போகிறோம் என்று போனவர்கள் திரும்பவில்லை, மண்வெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த மண்வெட்டிகள் இப்போது என் அறை மூலையில் சாத்தியிருக்கின்றன. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

ஜூலை 20

வாய்க்கால்களில் இப்போதே மீன் ஏற ஆரம்பித்துவிட்டது. எல்லாருக்கும் நம்பிக்கை வந்திருக்கிறது, எனக்கும்தான். இன்று ஆறு ஊரும் சேர்ந்து வலை இழுத்தார்கள். மடவை, கொடுவா, கொஞ்சம் இறால். பிடித்ததை வரப்பில் கூறு வைப்பது ஆலங்கொல்லைக்காரர் வேலை. ஊருக்கு ஒரு கூறு. அவர் கை தானாக வைத்துக்கொண்டே போயிற்று. முடித்துவிட்டு எண்ணிப் பார்த்து வெலவெலத்துப் போனார். ஏழு கூறு.

கலைத்துச் சேர்த்துவிடுங்கள் என்றேன். வைத்த கூறைக் கலைக்க மாட்டார்களாம். ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பங்கை அள்ளிக்கொண்டு, அந்தக் கடைசிக் கூறைப் பார்க்காமலேயே நடந்தார்கள். நல்ல கொடுவா இரண்டு அதில் கிடந்தது. வெயிலில் வீணாகப் போக விடுவானேன்? நான் எடுத்துக்கொண்டேன்.

செவந்தி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வைரக்கண்ணு அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். சமைக்கத் தெரியாது என்று கிண்டல் செய்ய வந்திருப்பாள்.

புளி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் என் வாழ்நாளில் இப்படி ஒரு மீன் குழம்பு சாப்பிட்டதில்லை. சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 21

செவந்தி தானாகவே டீ கொண்டுவந்து தந்தாள். மற்ற எல்லாருக்கும் முன்னால் எனக்கு. ஆறு ஊர்க்காரர்களும் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். ஒரு மாதம் போட்ட சத்தத்துக்கு இப்போதுதான் மரியாதை வந்திருக்கிறது.

ஜூலை 29

இன்று செவந்தியை விடவில்லை. கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஏழாவது கூறு யாருடையது, சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன்.

"புன்னைத்துறைன்னு ஒரு ஊர் இருந்துச்சுங்க. எங்க அம்மாவுக்குக் கல்யாணம் ஆவுறதுக்கு முன்னாடி. இந்த ஏழாவது வாய்க்கா போவுதுல்ல, அதோட முடிவுல."

"என்ன ஆச்சு?"

"காடு இருந்த காலத்துல எல்லா ஊரும் வெட்டி வித்தாங்க. சூளைக்கு வெறவு. அவங்கவங்க ஊர் முன்னாடி இருக்கறத விட்டுட்டு, புன்னத்துறைக்கு முன்னாடி இருக்கறதத்தான் மொதல்ல வெட்டுனாங்க. அது கடசி ஊரு, சின்ன ஊரு, கேக்க ஆள் இல்ல. அப்பறம் புயல் வந்துச்சு. எங்களுக்கெல்லாம் கூரதான் போச்சு. அவங்களுக்கு ஊரே போச்சு."

டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த தடவ கூட்டு வேலைக்கு ஊர் கூப்பிட்டாங்க. வைரக்கண்ணு அண்ணனோட அப்பாருதான் கூப்பிட்டது. பழக்க தோசத்துல புன்னத்துறையையும் கூப்பிட்டுட்டாரு. பதில் வரல. பதில் வராம யாரும் போவக் கூடாதுல்ல? பொழுது சாயற வரைக்கும் வெயில்ல நின்னாங்களாம். பதில் வந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க, வரலன்னு சிலர் சொல்றாங்க. அதோட அந்தப் பேரை யாரும் கூப்பிடறதில்ல. விட்டுப்போன ஊர் இருக்கான்னும் கேக்கறதில்ல."

நான் கேட்டேனே என்றேன்.

"ஆமாங்க. கேட்டீங்க" என்றாள். பிறகு, "அன்னிக்கே ஒங்கள்ட்ட சொல்லியிருக்கணும். மீனையாச்சும் எடுக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. விறகுப் புகையாக இருக்கலாம்.

பாவம் அந்த ஊர். கேட்டதிலிருந்து மனசு பாரமாக இருக்கிறது. ஒரு பேர்கூட மிச்சமில்லாமல் போவது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஆகஸ்ட் 6

கெண்டைக்காலில் ஒட்டிய சேறு எத்தனை தேய்த்தும் போகவில்லை. தோல் வெடித்து உப்புப் பூத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

மையத்துக் குடிநீர் கரித்துக்கொண்டு வருகிறது. நேற்று செவந்தி குடித்துப் பார்த்து நல்லாத்தானே இருக்கு என்றாள். அவள் கொடுத்த டீயும் கரித்தது. வாய்க்காலில் கை அலம்பும்போது தெரியாமல் உதட்டில் பட்டது. இனிப்பாக இருந்தது.

ரவி போன் செய்தார். வாசலுக்குத் தேக்குக் கதவு, படியில் கோலப்பதிப்பு. எல்லாம் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. நடுவில் நிறுத்தி, "யாரு அது, ஒன் பக்கத்துல இத்தன பேர் பேசறாங்க?" என்றார்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். டீக்கடைச் சத்தம் என்றேன். செவந்தி இன்று கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 14

கன்று நட இடம் சரிசெய்ய ஆறு ஊரும் இறங்க வேண்டிய நாள். வைரக்கண்ணு வரப்பில் ஏறி ஊர் கூப்பிட்டார். ஆறு ஊரும் பதில் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு இடையிலிருந்து சத்தம் வந்தது. "புன்னத்துறை."

கூப்பிட்டது அவர்தான். ஆனால் அவர் முகம் கூப்பிட்டவன் முகமாக இல்லை. வயிற்றில் அடிபட்டவன் முகமாக இருந்தது.

பதில் வரவில்லை. பேர் சொல்லியாயிற்று, பதில் வராமல் யாரும் வேலையைத் தொடவும் முடியாது, போகவும் முடியாது. பகல் முழுக்க நின்றார்கள். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஏத்தம் முழங்கால் தாண்டிய பிறகுதான் கரையேறினார்கள். அப்படிக் கரையேறியதே தப்பு என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள்.

ஆகஸ்ட் 21

ஒரு வாரமாக வேலை நடக்கவில்லை. தினமும் கூப்பிடும்போது அந்தப் பேரும் சேர்ந்தே வருகிறது. கரும்பையூர்க்காரர் ஒருவரை மாற்றிக் கூப்பிட வைத்தேன். அவர் வாயிலும் வந்தது.

திட்டத்துக்குப் பணம் தருகிறவர்கள் சென்னையிலிருந்து அடுத்த மாதம் நடுவில் பார்வையிட வருவார்கள். நட்டிருக்காவிட்டால் திட்டத்தை வேறு கடற்கரைக்கு மாற்றிவிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாற்றினால் இந்த ஆறு ஊருக்கும் முன்னால் வெறும் பொட்டல்தான். ஐப்பசி கார்த்திகையில் காற்று திரும்பும், புயல் காலம். அடுத்து விட்டுப்போகும் ஊர் எது என்பதுதான் கேள்வி. 

ஏழாவது கிளையில் மட்டும் யாரும் நடாமலேயே அலையாத்திக் கன்றுகள் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கின்றன. வரிசையாக. தெரு தெருவாக.

ஆகஸ்ட் 24

ஆறு ஊர்ப் பிரதிநிதிகளும் மாடிக்கு வந்தார்கள். யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. வைரக்கண்ணுதான் பேசினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்தப் பேரைக் கூப்பிடும்போது, இருக்கேன்னு."

"நானா? நான் எப்படி அந்த ஊர் ஆவேன்?"

"நாங்க ஆறு ஊர்ல எவன் சொன்னாலும் அது பொய்யாப் போயிரும். எங்களுக்கு ஊர் இருக்கு. ஒங்களுக்கு இல்ல. அந்த ஊருக்கு ஆள் இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவங்க கூறைச் சாப்பிட்டதும் நீங்கதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று வரப்பில் செவந்தியை அவர் பார்த்த பார்வை. மறுநாள் எல்லாரும் எழுந்து நின்றது. ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சே என்னைத் திங்க விட்டீங்க" என்றேன்.  செவந்தி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு படியிறங்கினாள்.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்கு ஊர் இருக்கிறது. செப்டம்பர் நான்காம் தேதியிலிருந்து இருக்கிறது.

செப்டம்பர் 2

ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நிம்மதியாக இருந்தது. ஜன்னலோர இருக்கை. நடத்துநர் வந்து, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"புன்னைத்துறை" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பிங் இல்லீங்களே."

மன்னிக்கணும், திருச்சி போக வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மறுபடியும் அதே பேர்தான் வந்தது. மூன்றாவது தடவையும். பின்னால் யாரோ சிரித்தார்கள். நடத்துநர் விசில் ஊதி, நல்ல விதமாகவே என்னை இறக்கிவிட்டார். பெட்டியுடன் நடந்து திரும்பினேன். வழியில் அழுதேன். கண்ணீரும் இனித்தது. அதனால் அழுகையை நிறுத்திக்கொண்டேன்.

செப்டம்பர் 3

ரவிக்குப் போன் செய்தேன். "எங்கே இருக்கே? சமையல்காரர் வந்தாச்சு, அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க, காலைல நீதானே குடம் எடுத்துட்டு உள்ள வரணும்" என்றார். வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். "சத்தமா பேசு மங்கை, ஒரே இரைச்சலா இருக்கு. அத்தனை பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு என்ன புரியும்?" என்றார்.

நான் கத்தினேன். என் காதில் விழுந்ததும் அத்தனை பேரின் குரல்தான்.

செப்டம்பர் 4

இந்நேரம் பால் பொங்கியிருக்கும். எனக்குப் பதில் அத்தை குடம் எடுத்திருப்பார். தேக்குக் கதவு எப்படி இருக்கிறதோ.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆறு ஊரும் வரப்பில் வந்து நின்றிருந்தார்கள். யாரும் மாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்த்து ஒரு தடவை கெஞ்சியிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன். மூலையில் இருந்த மண்வெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினேன். செருப்பைப் படியில் விட்டேன்.

ஏழாவது கிளையின் வாயில் போய் நின்றேன். சேறு குளிர்ச்சியாக இருந்தது. வைரக்கண்ணு கூப்பிட ஆரம்பித்தார். முனைத்துறை. உப்புக்குடி. ஆலங்கொல்லை. தும்பைக்காடு. கரும்பையூர். சேக்கந்தோப்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

"புன்னத்துறை."

இருக்கேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். 'இருக்கோம்' என்று வந்தது. எனக்குப் பின்னால், கடல் பக்கத்திலிருந்து, வந்துகொண்டே இருந்தது.

ஆறு ஊரும் மண்வெட்டியை எடுத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடல் பக்கத்திலிருந்து பதில் சொன்னவர்கள், பார்க்கத் தேவையில்லாமல், என் பக்கத்தில் வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் செவந்தி கரகரத்த குரலில், "ஏ புன்னத்துறை, சட்டிய இப்புடி தள்ளு" என்றாள். தள்ளினேன். நான் பிறந்ததிலிருந்து இன்றுவரை என்னை யாரும் ஊர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்.

செப்டம்பர் 18

சென்னையிலிருந்து வந்தார்கள். ஏழு கிளையிலும் கன்று நட்டு முடித்துவிட்டோம். ஆறு ஊர்கள் சேர்ந்து இப்படி ஒரு வேலையை வேறு எங்கும் செய்து பார்த்ததில்லை என்று வியந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் எங்கே என்று கேட்டார்கள். நான் நாலு எட்டுத் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்றார் வைரக்கண்ணு.

வந்தவர்களில் ஒருவர் என் பக்கம் கைபேசியை நீட்டிப் படம் எடுத்தார். பார்த்துவிட்டு, வெயில் ரொம்ப அடிக்குது, சரியா விழல என்றார்.

அக்டோபர் 11

மழை தொடங்கிவிட்டது. தாள் ஊறுவதால் பென்சிலில் எழுதுகிறேன். மாடி அறைக்குப் போய்ப் பல நாள் ஆயிற்று. ஆறு ஊரும் கரையேறிய பிறகும் நாங்கள் கடல் பக்கமாக நட்டுக்கொண்டே இருக்கிறோம். கன்றுகள் இடுப்புக்கு வந்துவிட்டன. இவ்வளவு வேகத்தில் வளராது என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் வளர வேண்டும், காற்று திரும்புவதற்குள். ஆறு ஊரிலும் குழந்தைகள் இருக்கின்றன.

அக்டோபர் 19

ரவி வந்திருந்தார்.

காலையிலிருந்து ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஒன்றரை மாதமாக எங்கெல்லாம் தேடினாரோ, மெலிந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. அதற்குள் புது வீட்டுச் சாவியைத்தான் வைத்திருப்பார், எனக்கென்று ஒன்று செய்யச் சொல்லியிருந்தேன். பஸ் ஏறிப் போனாங்களே என்று எல்லா ஊரிலும் சொன்னார்கள். செவந்தி மட்டும் ஒன்றும் சொல்லாமல் கழியைப் பார்த்துக் கை நீட்டினாள். அதற்காக அவளை மன்னித்துவிட்டேன்.

வரப்பில் வந்து நின்றார். ஊர் கூப்பிடும் இடத்திலேயே நின்றார். நாங்கள் எல்லாரும் சேற்றில் இருந்தோம். வேலையை நிறுத்தி நிமிர்ந்தோம்.

"மங்கை" என்று கூப்பிட்டார். பிறகு முழுப்பேரையும் சொல்லி, "மங்கையர்க்கரசி" என்று கூப்பிட்டார். குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது.  இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். தடுக்கவில்லை.

அவர் பேரைத்தான் கூப்பிட்டார். ஊரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஏத்தம் ஏற ஆரம்பித்ததும் வரப்பை விட்டு இறங்கிப் போனார். நாங்கள் நட்டுக்கொண்டிருந்த வரிசையை முடித்தோம்.